ஆட்டிசம் உள்ள குழந்தையை எல்.கே.ஜி.யிலிருந்து விலகச் சொல்ல முடியுமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 4 வயது. அவனுக்கு ஆட்டிசம் இருப்பதை அரசு மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். தமிழ்நாட்டில் அங்கீகாரம் பெற்ற ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கிறான். வகுப்பில் அவனுடன் இருக்க எங்கள் செலவில் ஓர் உதவியாளரை அமர்த்த வேண்டும், இல்லையேல் சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்று நிர்வாகம் சொல்கிறது. நாங்களாகவே விலகுவதாக எழுதித் தரும்படியும் கேட்கிறார்கள். ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்கிறார்கள். இது சரியா? அரசின் உதவி ஏதும் கிடைக்குமா?

பதில்: முதலில், அந்தக் கடிதத்தில் தாங்கள் கையெழுத்திட வேண்டாம். விருப்பப்பட்டே விலகியதாக ஒரு தாள் பள்ளியின் கோப்பில் சேர்ந்துவிட்டால், பின்னர் எந்த அதிகாரியிடம் முறையிட்டாலும், கட்டாயப்படுத்தப்பட்டதை மெய்ப்பிக்கும் பொறுப்பு தங்கள் தலையில் விழும்.

பள்ளி கூறுவதில் பாதிதான் உண்மை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இலவசக் கட்டாயக் கல்வியை 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கே உறுதி செய்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 31இன்கீழ் 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள குழந்தைகளுக்குக் கிடைக்கும் இலவசக் கல்வியும் 6 வயதில்தான் தொடங்குகிறது. ஆனால் தங்கள் பிரச்சினை கட்டணம் பற்றியதன்று. சேர்க்கப்பட்ட குழந்தை அவனது குறைபாட்டைக் காரணம் காட்டி வெளியேற்றப்படுவது பற்றியது. அதற்கு இதே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பிரிவு 3 விடை தருகிறது. குறைபாட்டின் அடிப்படையில் எவரையும் பாகுபடுத்தக் கூடாது என்னும் அந்த விதிக்கு வயது வரம்பு கிடையாது. அதோடு, நியாயமான மாற்றங்களைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடே என்று பிரிவு 2 வரையறுத்திருக்கிறது. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் வேண்டிய தனிப்பட்ட ஆதரவைத் தருவதற்கு அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் முயல வேண்டும் என்கிறது பிரிவு 16. இப்பிரிவு கடமையை அரசின் மீது சுமத்துவதால், தங்கள் புகாரைப் பள்ளியோடு நிறுத்தாமல், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் அனுப்புவது அவசியம்.

உதவியாளருக்கு யார் பணம் தருவது என்பதே கடினமான கேள்வி. அளவுக்கு மீறிய சுமையை ஏற்படுத்தாத மாற்றங்களையே சட்டம் நியாயமான மாற்றங்கள் என்கிறது. ஆகவே ஒரு சிறிய பள்ளி தன் செலவில் முழுநேர உதவியாளரை அமர்த்தியே தீர வேண்டும் என்று வாதிட்டு வெல்வது எளிதன்று என்பதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அதே வேளையில், உதவியாளரைக் கொண்டுவந்தால்தான் குழந்தை வகுப்பில் தொடரலாம் என்று நிபந்தனை விதிக்கும் பள்ளி, அதற்கு முன் தன்னால் இயன்ற எதைச் செய்து பார்த்தது என்பதைக் காட்டியாக வேண்டும். ஆசிரியரின் அருகில் இருக்கை, அன்றைய நிகழ்ச்சி நிரலைப் படங்களாக ஒட்டிவைத்தல், இரைச்சல் தாங்காதபோது சற்று நேரம் ஒதுங்கியிருக்க ஓர் இடம், தொடக்க வாரங்களில் குறைந்த நேர வருகை ஆகியவற்றுக்குப் பெரிய செலவு கிடையாது. தங்கள் மகனுக்கு எவை தேவை என்பதை அவனுக்குப் பயிற்சி அளிக்கும் சிகிச்சையாளரிடம் எழுதி வாங்கி, அதை இணைத்துப் பள்ளிக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) கோரிக்கை அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். பள்ளி மறுக்குமானால், அந்த மறுப்புக் கடிதமே தங்கள் வழக்கின் முதன்மைச் சான்றாகும்.

அரசின் உதவியைப் பொறுத்தவரை, அது பள்ளியின் வகையைப் பொறுத்து மாறுகிறது. மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ளடக்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் (சமக்ர சிக்ஷா) திட்டத்தின் சிறப்பாசிரியர், உதவிக் கருவிகள் போன்ற வசதிகள் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் குழந்தைகளுக்கானவை. அங்கன்வாடிகளுக்கென மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறை, குறைபாடுகளை முன்கூட்டியே கண்டறிந்து, அக்குழந்தைகளையும் மற்றவர்களோடு சேர்த்தே கற்பிக்கவும், தேவைப்பட்டால் மருத்துவ உதவிக்குப் பரிந்துரைக்கவும் பணியாளர்களுக்கு வழிகாட்டுகிறது. சுயநிதிப் பள்ளியில் படிக்கும் தங்கள் மகனுக்கு இவை நேரடியாகக் கிடைக்காமல் போவது வருந்தத்தக்கது. ஆரம்ப ஆண்டுகளில் கிடைக்கும் உதவிதான் இக்குழந்தைகளுக்கு மிகுந்த பலன் தருகிறது. அந்த உதவி பள்ளியின் பெயர்ப்பலகையைப் பார்த்து வருவது நியாயமாகாது.

எனினும் பள்ளியைச் சாராமல் குழந்தையைச் சார்ந்து வரும் உதவிகளும் உண்டு. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பேச்சுப் பயிற்சி உள்ளிட்ட சிகிச்சைகள் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) நடத்தும் நிராமயா காப்பீட்டுத் திட்டம் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. இதற்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும் என்பதால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகி, தனித்துவ அடையாள அட்டைக்கும் சேர்த்து உடனே விண்ணப்பியுங்கள். ஆனால் பாகுபாட்டை எதிர்த்துப் புகார் தர அச்சான்றிதழுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மருத்துவரின் அறிக்கையே இப்போதைக்குப் போதுமானது.

பள்ளி இறங்கி வராவிட்டால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு அளிக்கலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் தருவது பரிந்துரையே ஆயினும், அதைப் பெறும் அதிகார அமைப்பு தான் எடுத்த நடவடிக்கையை 3 மாதங்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறுவோருக்குப் பிரிவு 89இன்கீழ் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க இடமுண்டு. அதன் பின்னும் தீர்வு கிடைக்காவிடில் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு தாக்கல் செய்யலாம். குழந்தை என்ற முறையிலும், மாற்றுத்திறனாளி என்ற முறையிலும் தங்கள் மகனுக்கும், பெண் என்ற முறையில் அவனுடைய தாய்க்கும், வருமான வரம்பு ஏதுமின்றி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கோரத் தகுதி உண்டு.

சிறப்புப் பள்ளி பற்றி ஒன்று. 6 வயதுக்குப் பின் அருகமைப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிரிவு 31 குழந்தைக்கே தருகிறது. எனவே இப்போது தங்களுக்காக அந்த முடிவை எடுக்க முனையும் பள்ளி நிர்வாகத்துக்குத் தாங்கள் எழுதும் பதிலில் இப்பிரிவையும் குறிப்பிடுங்கள்.