நெய்வேலியைக் கொடுத்தது யார்?

கேள்வி: வெறும் முந்திரிக்காடாகக் கிடந்த இடத்தில் நெய்வேலி என்று ஒரு நகரத்தையே உருவாக்கிக் கொடுத்தார்கள். பலனை அனுபவித்துவிட்டு இப்போது 'சுரங்கத்துக்கு நிலம் தர மாட்டோம்' என்று கடலூர் மாவட்டத்துக்காரர்கள் மறியல் செய்வது நியாயமா?
- வாசகர், புதுச்சேரி

பதில்: நியாயம்தான். முதலில், அது ஆளில்லாத காடு இல்லை. முந்திரியும் பலாவும் விளைந்த செம்மண் பூமி, ஊர் ஊராகக் குடித்தனம் இருந்த இடம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணற்றுக்குத் துளை போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்ததே, அதில்தான் எல்லாம் ஆரம்பம். அவர் விடாமல் அரசாங்கத்தின் காதில் போட்டார், நிலமும் கொடுத்தார். அந்தப் பழுப்பு நிலக்கரியை எடுக்க 1956-ல் என்.எல்.சி. நிறுவனம் வந்தது, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார், 1962-ல் சோவியத் உதவியோடு மின்சாரம். பெரிய சாதனை, மறுக்கவில்லை. பிளாக் பிளாக்காகப் பிரித்து, அகலமான தெரு, மரம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று கட்டிய அந்த டவுன்ஷிப்பைப் போல இன்னொன்று நம் பக்கத்தில் கிடையாது.

ஆனால் டவுன்ஷிப்பின் வாசலான ஆர்ச் கேட்டுக்கு வெளியே என்ன நடந்தது? தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு ஒரு நீர்ப்படுகை இருக்கிறது, சும்மா விட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு பொங்கிவிடும், அதனால் இத்தனை வருஷமாக ராப்பகலாக மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு காலத்தில் குழாய் இறக்கினால் மோட்டாரே இல்லாமல் பீறிட்டு வயலுக்குப் பாய்ந்த ஊற்றுத் தண்ணீர் அது! இன்றைக்கு சுற்றுவட்டார விவசாயி கடன் வாங்கி ஆழத்துக்கு போர் போடுகிறார்.

நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அதே நிலத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகவே வயதாகிப் போகிறார்கள். இதுவா அனுபவித்த பலன்?

2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்காலுக்கென்று பச்சைப் பயிர் நின்ற வயலில் பொக்லைனை இறக்கினார்கள். நிலம் எப்போதோ கையகப்படுத்தியாயிற்று என்றார்கள். சரி, அறுவடை வரை பொறுத்தால் என்ன குறைந்துபோகும்? நட்டவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நெல் மண்ணுக்குள் போனது. அதைப் பார்த்த பக்கத்து ஊர்க்காரர் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவார்?

நிரந்தர வேலையை எழுத்தில் கொடுங்கள், அப்புறம் அளக்க வாருங்கள் என்கிறார்கள் சிலர். எந்த விலைக்கும் தர மாட்டோம் என்கிறார்கள் வேறு சிலர். அவர்களையும் நான் தப்புச் சொல்ல மாட்டேன்.