ஊர்ல 340 பேர்தான், ரோடும் பஸ்ஸும் வருமா?

ராமநாதபுரம் மாவட்டத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "எங்க குக்கிராமத்துல 340 பேர். மெயின் ரோட்டுக்கு 3 கிலோமீட்டர் மண் பாதை, மழை பெஞ்சா ஆட்டோகூட வராது. 500 பேர் இல்லாட்டி பிரதமர் ரோடு கிடைக்காதாம். நான் பேசி லிஸ்ட்ல ஏத்துறேன்னு ஒருத்தர் வீட்டுக்கு ஆயிரம் ரூபா கேக்குறார். குடுக்கலாமா சார்?"

குடுக்காதீங்க. அவர் சொல்ற 500 கணக்கே உங்க மாவட்டத்துக்கு பொருந்தாது. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தோட 4வது கட்டத்துல (2024ல ஒப்புதல் ஆனது) சமவெளிக்கு 500 பேர்ங்கறது பொது விதி. ஆனா முன்னேற விழையும் மாவட்டம்னு மத்திய அரசு ஒரு பட்டியல் வச்சிருக்கு, ஆஸ்பிரேஷனல் டிஸ்ட்ரிக்ட்னு பேப்பர்ல பாத்திருப்பீங்க, தமிழ்நாட்டுல அதுல இருக்குறது ராமநாதபுரமும் விருதுநகரும்தான், அந்த மாவட்டங்களுக்கு 250 பேர் இருந்தாலே போதும். இத யாரும் உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க, புரோக்கருக்கு தெரிஞ்சாலும் சொல்ல மாட்டார், சொன்னா அவருக்கு பொழப்பு ஏது.

இங்கதான் ஒரு சிக்கல். 340ங்கறது இன்னிக்கு நீங்க எண்ணினது. அரசாங்கம் பாக்குறது 2011 சென்சஸ். ரேஷன் கார்டு, வோட்டர் லிஸ்ட் எதுவும் செல்லாது, அதனால "துபாய்ல இருக்குற பசங்க பேரையும் சேத்து கூட்டிக் காட்டிடலாம்"னு யாராவது சொன்னா அது சுத்த ஏமாத்து வேலை. 2011ல 250க்கு கீழ இருந்திருந்தா, 500 மீட்டர் சுற்றளவுல இருக்குற பக்கத்து குடியிருப்பையும் சேத்து எண்ணச் சொல்லி கேக்கலாம், அதுக்கும் விதி இருக்கு.

இன்னொரு கூத்து சொல்றேன். சென்சஸ்ல கிராமம்னா வருவாய் கிராமம். அதுக்குள்ள அஞ்சாறு குக்கிராமம் இருந்தாலும் எல்லாம் ஒரே வரிதான். தாய் கிராமத்துல பஸ் நின்னா "பஸ் வசதி உண்டு"ன்னு எழுதிடுவாங்க, 3 கிலோமீட்டர் நடந்து வர்ற உங்க ஊரும் அந்த "உண்டு"க்குள்ள அடக்கம். பஸ் இல்லாத கிராமத்துக்கும் 5 கிலோமீட்டருக்குள்ள, 5ல இருந்து 10, 10க்கு மேலன்னு தூரத்த a, b, c மூணுல ஒரு எழுத்தப் போட்டு முடிச்சிருப்பாங்க. இந்த தாளை வச்சிக்கிட்டுதான் ஆபீஸ்ல உக்காந்து "உங்களுக்கு வசதி இருக்கே"ங்கறாங்க, ஒரு நாள் வந்து நடந்து பாத்தா தெரியும்.

அதனால மொதல்ல ஒரு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போடுங்க. வெள்ளைத்தாள்ல எழுதி பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலக பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்க. கேக்க வேண்டியது மூணே விஷயம்: எங்க குக்கிராமத்துக்கு 2011 மக்கள்தொகை எவ்வளவுன்னு பதிவாகியிருக்கு, பக்கத்து தார் ரோடு எவ்வளவு தூரம்னு காட்டியிருக்கு, 4வது கட்ட லிஸ்ட்ல எங்க ஊர் பேர் இருக்கா. 30 நாள்ல பதில் வரணும். அத கையில வச்சிக்கிட்டு கிராம சபையில தீர்மானம் போட்டு, திங்கக்கிழமை கலெக்டர் மனு நாள்ல குடுத்து ரசீது வாங்கிக்கோங்க. ரசீது இல்லாத மனு மனுவே இல்ல. ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கோங்க, தகுதி இருக்குறதால நாளைக்கே ஜல்லி வந்து எறங்காது, நாடு முழுக்க 25,000 குடியிருப்புதான் இந்த கட்டத்துல எடுக்குறாங்க.

பஸ்ஸுக்கு வேற ஆபீஸ், வேற மனு. ரோடு போட்டா பஸ் தானா வரும்னு நெனைக்காதீங்க, ரெண்டு துறையும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிறதே இல்ல. தமிழ்நாடு அரசோட புது மினி பஸ் திட்டத்துல ஒரு ரூட் அதிகபட்சம் 25 கிலோமீட்டர், அதுல 65 சதவீதமாவது பஸ் ஓடாத பாதையா இருக்கணும், அதனால உங்க ஊரோட சுத்துப்பட்டு நாலு ஊரையும் கோத்து ரூட் எழுதி ஆர்டிஓ (வட்டாரப் போக்குவரத்து) ஆபீஸ்ல குடுங்க. ஓட்டுறது தனியார், பெர்மிட் கேட்டு ஒரு ஓனர் முன்வந்தாதான் பஸ். அதையும் "முடிச்சுத் தர்றேன்"னு வசூலுக்கு இன்னொருத்தர் வருவார், அவர்கிட்ட ரசீது கேளுங்க.