சாம்பியன் ஹில்லில் ஒரு சனிக்கிழமை: கால்பந்துப் புகைப்படங்கள் பற்றிக் கேள்வி பதில்

தென்கிழக்கு லண்டனில் ஈஸ்ட் டல்விச் ரயில் நிலையத்திலிருந்து சற்று நடந்தால் சாம்பியன் ஹில் மைதானம் வந்துவிடும். 1893இல் தொடங்கிய டல்விச் ஹாம்லெட் என்ற நான்-லீக் கால்பந்து கிளப்பின் வீடு அது. பத்து பருவங்களாக அங்கே ஆட்ட நாட்களைப் படமெடுத்து வருகிறேன். வந்து சேர்ந்த கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

நான்-லீக் என்றால் லீக்கே இல்லாத அணிகளா, அக்கா? (கோவை வாசகி)

லீக் உண்டு. இங்கிலாந்தின் மேல் நான்கு அடுக்குகளில் ஆடும் 92 கிளப்புகளுக்குக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் வழக்கத்தில் இருக்கிறது. டல்விச் 2023இல் ஓர் அடுக்கு இறங்கி ஏழாம் அடுக்குக்கு வந்தது. அதனால் அதைச் சிறிய கிளப் என்று எண்ணிவிடாதீர்கள். இதன் முன்கள வீரர் எட்கர் கெய்ல் 1929இல் இங்கிலாந்துக்காக மூன்று ஆட்டங்கள் ஆடினார். பிரான்சுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் போட்டார். கடைசிவரை சம்பளம் வாங்காத அமெச்சூராகவே இருந்தவர். மைதானத்துக்குப் போகும் சாலைக்கு அவர் பெயர்தான். ரசிகர்கள் இன்றைக்கும் அவரைப் பாடுகிறார்கள்.

படமெடுக்க அனுமதி வாங்க வேண்டுமா? (குரோய்டன் வாசகர்)

டிக்கெட் வாங்கிக்கொண்டு கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று எடுப்பதைப் பெரும்பாலான சிறிய மைதானங்களில் யாரும் தடுப்பதில்லை. தடுப்புக்கு உள்ளே போக வேண்டுமென்றால் சில நாட்களுக்கு முன்பே கிளப்பின் செயலாளருக்கோ ஊடகப் பொறுப்பாளருக்கோ எழுதிக் கேளுங்கள். பிரீமியர் லீக்கில் உரிமம் இல்லாமல் ஆடுகளத்தின் ஓரத்தை நெருங்கக்கூட முடியாது. இங்கே ஒரு மரியாதையான கடிதமே பல நேரம் போதும். எடுத்த படங்களைக் கிளப்பும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதிலேயே எழுதிவிடுங்கள். இந்தக் கிளப்புகள் தன்னார்வலர்களால் ஓடுகின்றன. நல்ல படம் அவர்களுக்குப் பெரிய உதவி.

எங்கே உட்காருவது? (அதே வாசகர்)

கோல் கம்பத்துக்கும் மூலைக்கொடிக்கும் நடுவில், நம் அணி தாக்கும் பக்கம். அங்கிருந்தால் வீரர்களின் முகம் நம்மை நோக்கி வரும். ஒரு சிறு மடக்கு நாற்காலி கொண்டு போங்கள். கண் மட்டம் இறங்க இறங்க வீரர் உயரமாகத் தெரிவார், பின்னணியும் தெளிவில்லாமல் கரைந்துவிடும். துணை நடுவர் ஓடும் பக்கக்கோட்டின் அருகே மட்டும் உட்கார வேண்டாம். இடைவேளையில் ரசிகர்கள் தங்கள் அணி தாக்கும் கோலுக்குப் பின்னால் இடம் மாறுவார்கள். அவர்களோடு நீங்களும் மாறுங்கள்.

டிசம்பரில் எடுத்த படமெல்லாம் இருட்டும் மங்கலுமாக வருகிறது. கேமராவை மாற்ற வேண்டுமா? (லெஸ்டர் தம்பி)

வேண்டாம் தம்பி. லண்டனில் டிசம்பர் மத்தியில் சூரியன் நான்கு மணிக்குள் மறைந்துவிடும். ஆட்டமோ மூன்று மணிக்குத் தொடங்குகிறது. இரண்டாம் பாதி முழுவதும் விளக்குகளின் கீழ்தான். பகல் என்று எண்ணி வைத்த அமைப்போடு இரவுக்குள் போய்விடுகிறீர்கள், அவ்வளவுதான்.

முதல் பாதியில் ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/1000 நொடி இருக்கட்டும். வெளிச்சம் இறங்கும்போது 1/640, அதற்கும் போதாவிட்டால் 1/500. அதற்குக் கீழே போனால் உதைக்கும் கால் கலங்கிவிடும். லென்ஸின் துளை f/2.8 வரை திறக்குமானால் முழுவதும் திறந்துவிட்டு, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 6400 வரை ஏற விடுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிகிற படத்தை மன்னிக்கலாம். கலங்கிய படத்தை யாரும் மீட்க முடியாது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், அது வீரர்களின் கண்ணைக் கூசச் செய்யும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. என் முதல் இரவு ஆட்டத்தில் தொடர்ச்சியாக எடுத்த எட்டுப் படங்களில் ஒன்று பளிச்சென்று, அடுத்தது பழுப்பாக, அதற்கடுத்தது பாதி இருட்டாக வந்தது. லென்ஸ் கெட்டுவிட்டது என்று பயந்தே போனேன். காரணம் மின்சாரம். இங்கே அது நொடிக்கு 50 சுழற்சி, பழைய வகை விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு வேகமான ஷட்டருக்குச் சிக்கிவிடுகிறது. பல கேமராக்களில் விளக்குத் துடிப்பைத் தவிர்க்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் விளக்கு உச்சத்தில் இருக்கும்போது ஷட்டர் திறக்கும். நிறச் சமநிலையையும் தானியங்கியில் விடாதீர்கள். டல்விச்சின் சட்டை இளஞ்சிவப்பும் கருநீலமும். தானியங்கியில் விட்டால் அந்த இளஞ்சிவப்பு ஒரு படத்தில் ஆரஞ்சாகவும் அடுத்ததில் ஊதாவாகவும் மாறிவிடும்.

கோல் விழும் தருணத்தைப் பிடிக்க முடியவில்லையே? (சென்னை வாசகர்)

பந்தைத் துரத்துவதை விட்டுவிட்டுப் பந்தை உதைத்தவரைப் பின்தொடருங்கள். கோலுக்கு அடுத்த ஐந்து நொடியில்தான் படம் இருக்கிறது.

ஆட்டத்தைத் தவிர வேறு என்ன எடுப்பது? (மதுரை வாசகி)

என்னைக் கேட்டால் அதுதான் முதல் வேலை. நான் பன்னிரண்டரைக்கே போய்விடுவேன். அந்த நேரத்தில் ஒரு பெரியவர் கோல் வலையைக் கட்டிக்கொண்டிருப்பார். வாயில் இரண்டு கொக்கிகளைக் கவ்வியபடி, மூன்றாவதை வலையின் கண்ணிக்குள் விட்டு ஒரு திருகு திருகுவார். கையுறையில் விரல் நுனிகள் மட்டும் கத்தரிக்கப்பட்டிருக்கும். அந்த விரல்களை அவர் அனுமதியோடு எடுத்தேன். கோல் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தும் என்னிடம் உள்ளவற்றில் அதையே நான் மிகவும் மதிக்கிறேன்.

2018இல் நில உரிமையாளரோடு ஏற்பட்ட தகராறில் கிளப் இந்த மைதானத்தை இழந்து, டூட்டிங் அண்ட் மிச்சம் கிளப்பின் மைதானத்தில் ஆட வேண்டியதாயிற்று. அந்த வசந்தத்தில் மேல் அடுக்குக்கும் உயர்ந்து, டிசம்பரில்தான் வீடு திரும்பினார்கள். வெளியே இருந்த மாதங்களில் என் பழைய படங்களைத் தேடினேன். கோல்கள் ஏராளமாக இருந்தன. நுழைவாயிலின் சுழல்கதவு, தேநீர் விற்கும் சன்னல், கம்பித் தடுப்பில் வரிசையாகக் கட்டிய துணிப் பதாகைகள் எதையுமே நான் எடுத்திருக்கவில்லை. மைதானம் எப்போதும் இருக்கும் என்று நம்பியிருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்திலும் முதல் ஒரு மணி நேரம் அவற்றுக்குத்தான்.

குழந்தைகளை எடுக்கலாமா? (குரோய்டன் வாசகர்)

பெற்றோரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். வீரர்களோடு கைகோத்து வரும் சிறுவர்களின் படத்தை வெளியிடுவதற்கு முன் கிளப்பின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடமும் சொல்லிவிடுங்கள். பெயரைப் படத்தோடு போட வேண்டாம்.

வீரர்களின் பெயர் தெரியாமல் குறிப்பு எழுதத் திண்டாடுகிறேன். (லெஸ்டர் தம்பி)

ஆட்டம் தொடங்குவதற்கு முன் இரு அணிகளின் பெயர்ப் பட்டியலும் வந்துவிடும். அதையே அன்றைய முதல் படமாக எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சட்டை எண்ணை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். மாற்று வீரர்களின் எண்களையும் சேர்த்து எடுங்கள், கடைசி நிமிடக் கோலை அவர்களில் ஒருவர் போட்டுவிடுவார்.