விண்வெளி நிலையம் மணிக்கு சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. ஆட்களை ஏற்றிச் செல்லும் கலம் அதை எப்படித் துரத்திப் பிடித்து இணைகிறது?

கேள்வியில் இருக்கும் ‘துரத்தி’ என்ற சொல்தான் குழப்பத்துக்கே காரணம். முன்னால் போகும் பஸ்ஸைப் பிடிக்க பைக்கை முறுக்குவோம் இல்லையா, மேலே அப்படிச் செய்தால் பஸ் இன்னும் தூரமாகப் போய்விடும்.

1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார். அவர்களைச் சுமந்து வந்து கழன்ற டைட்டன் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு பக்கத்திலேயே மிதந்தது, அதை நெருங்கிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். தேர்ந்த விமானி அவர். கண்ணுக்குத் தெரிகிற பொருளை நோக்கிக் கலத்தைத் திருப்பி த்ரஸ்டரை (கலத்தைத் தள்ளும் சிறு எஞ்சினை) இயக்கினார். அது கிட்டே வராமல் விலகிப் போனது. மறுபடி இயக்கினார், மறுபடியும் விலகியது. எரிபொருள் கரைந்துகொண்டே போனதால் கடைசியில் விட்டுவிட்டார்கள்.

ஏன் இப்படி? வேகத்தைக் கூட்டினால் கலம் உயரமான பாதைக்கு ஏறிவிடும். அந்தப் பாதை நீளமும் அதிகம், அங்கே ஓட்டமும் மெதுவு, ஆக ஒரு சுற்றுக்கு அதிக நேரம் பிடிக்கும். முன்னால் இருப்பதைப் பிடிக்க ஒரே வழி, அதைவிடத் தாழ்வாகச் சுற்றுவதுதான். 400 கி.மீ. உயரத்தில் நிலையம் ஒரு சுற்று வர ஏறக்குறைய 92 நிமிடம் ஆகிறது, 200 கி.மீ. உயரத்தில் இருக்கும் கலத்துக்கு 88 நிமிடம் போதும். சுற்றுக்கு நாலு நிமிடம் மிச்சம், அந்த நாலு நிமிடத்தில் நிலையம் கடக்கும் தூரமே 1,800 கி.மீ.க்கு மேல்! இப்படி இடைவெளியைக் குறைத்துக்கொண்டே, கணக்குப் பார்த்து உரிய நேரத்தில் எஞ்சினை இயக்கி, படிப்படியாக மேலே ஏற வேண்டும். அதே 1965 டிசம்பரில் வால்டர் ஷிரா இந்தக் கணக்கின்படியே ஜெமினி 6-ஏ கலத்தை ஜெமினி 7-க்கு ஓரடி தூரம் வரை கொண்டுபோய் நிறுத்தினார். அடுத்த மார்ச்சில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஸ்காட்டும் ஆளில்லா அஜீனா கலத்தோடு இணைந்தே காட்டினார்கள்.

ஏவுகிற நேரமும் முக்கியம். பூமி சுழலும்போது ஏவுதளம் நிலையம் சுற்றும் பாதையின் தளத்துக்கு (அந்த வட்டம் கிடக்கும் தட்டையான பரப்புக்கு) நேர் கீழே வரும் வேளை பார்த்துக் கிளம்ப வேண்டும், ஏனென்றால் மேலே போன பிறகு பாதையைப் பக்கவாட்டில் திருப்ப எரிபொருள் கட்டுப்படியாகாது.

பக்கத்தில் வந்துவிட்டால் 28,000 என்ற எண்ணை மறந்துவிடலாம், இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன, இடையில் உள்ள வேக வித்தியாசம் மட்டும்தான் கணக்கு. 2025 ஜூன் 26 அன்று இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சென்ற டிராகன் கலம் நிலையத்தோடு இணைந்ததை அம்மாவோடு உட்கார்ந்து நேரலையில் பார்த்தேன். புறப்பட்டு 28 மணி நேரம் ஆகியிருந்தது. திரையில் தெரிந்த குறுக்குக் கோடுகளுக்கு நடுவே நிலையத்தின் ஹார்மனி என்ற பகுதியின் வாசல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. தொடுகிற வேகம் நொடிக்குச் சில சென்டிமீட்டர், ஊர்வது போலத்தான். முதலில் மெல்லப் பிடித்துக்கொள்ளும் வளையம், அப்புறம் 12 கொக்கிகள் இறுகின.

“சேர்ந்தாச்சே, இன்னும் ஏன் கதவைத் திறக்கல?” என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நல்ல கேள்வி. இரண்டு கதவுகளுக்கும் நடுவே சின்ன இடம் ஒன்று இருக்கிறது, அதுவரை அங்கே வெறும் வெற்றிடம். அதில் காற்றை நிரப்பி, கசிகிறதா என்று அழுத்தமானியைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டும். கதவு திறக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. அம்மா டீ போட்டு வந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார்.