சோளகக் காற்றில் வானம் கீறுவது

வணக்கம். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடியில் இருந்துகொண்டு கோட்டையையும் பரவைக்கடலையும் நீர்வர்ணத்தில் கீறிப் பழகுகிறேன். லீவு நாளில் காலை பத்து மணிபோலப் போவேன். வானத்துக்கு நீலம் பூசி முடிக்கமுன்னமே மேல்பக்கம் காய்ந்து கோடு விழுகிறது. திருத்தப் போனால் விளிம்பு பூத்த கறையாகிறது. பனைகளோ சேற்று நிறம். பாவிப்பது 200 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 200 கிராம்) தாள், 6ஆம் இலக்கத் தூரிகை. வீட்டில் கீறும்போது இந்தக் கரைச்சல் இல்லை. என்ன செய்யலாம்?

வாசகர், ஆனைக்கோட்டை

அன்புள்ள வாசகருக்கு,

கை பழகாததால் விழும் கோடு இல்லை இது. பண்ணையில் வெய்யிலைவிடக் காற்றுத்தான் தாளைக் காயவைக்கிறது. வைகாசி தொடங்கி ஆவணி முடியும்வரை சோளகம் (தென்மேல் காற்று) மறிப்பே இல்லாமல் தண்ணிக்கு மேலால் வரும். அதோடு போட்டிபோட்டு வேகமாகப் பூசிப் பயனில்லை. தாளுக்குள் ஈரத்தைச் சேர்த்துவைக்க வேண்டும்.

200 ஜிஎஸ்எம் தாள் நனைந்ததும் மேடுபள்ளமாக எழும்பும். பள்ளத்தில் நிறம் தேங்கும், மேடு காய்ந்துவிடும். 300 ஜிஎஸ்எம் முழுப் பருத்தித் தாள் விலை கூடத்தான். ஆனால் 56க்கு 76 சென்ரிமீற்றர் முழுத்தாளில் 19க்கு 28 அளவில் எட்டுத் துண்டு வரும். வெளியில் கீற அந்த அளவு காணும். துண்டை இரண்டு பக்கமும் நனைத்து, சில நிமிஷம் ஊறவிட்டு, பேர்ஸ்பெக்ஸ் (கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்) தகட்டில் படிய வையுங்கள். அடிப்பக்க ஈரம் மேற்பக்கத்தைக் காக்கும். மேலே தேங்கியதைப் பழைய சாரத்துண்டால் ஒற்றி எடுங்கள்.

நீலத்தைத் தேவையைப்போல இரண்டு மடங்கு முதலே கரைத்து வையுங்கள். பாதியில் திரும்பக் கரைக்கிற அந்த இடைவெளியில்தான் கோடு விழும். தூரிகை 12ஆம் இலக்கமாவது வேண்டும். தகட்டின் தலைப்பக்கத்தை மூன்று விரற்கடை உயர்த்தி, மேலிருந்து பூசி வந்தால் ஒவ்வொரு இழுப்பின் அடியிலும் நீர் திரண்டு நிற்கும். அடுத்த இழுப்பு அதைத் தொட்டுக் கீழே இறக்க வேண்டும். அடிவானத்துக்கு வந்ததும் மிஞ்சியதைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சி எடுங்கள். விட்டால் மேலே ஏறிப் பூக்கும்.

இனித் தாளைச் சரித்துப் பாருங்கள். மினுக்கம் இருக்கும்வரை முகில் சேர்க்கலாம். மினுக்கம் போய், தொட்டால் இன்னும் குளிர்கிற நேரம்தான் ஆபத்து. அப்போது தூரிகையில் உள்ள தண்ணி தாளில் உள்ளதைவிடக் கூட. அது அரைகுறையாகக் காய்ந்த நிறத்தைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் குவிக்கும். நீங்கள் சொல்லும் பூத்த கறை அதுதான். முழுக்கக் காயும்வரை தொடாதீர்கள். காய்வதைத் தாமதிக்கத் தண்ணியில் கிளிசரின் விடச் சொல்லுவார்கள். கால் லீற்றருக்கு நாலைந்து துளி விடலாம், கூடினால் தாள் பிசுபிசுக்கும். எனக்கு அது அவ்வளவு பிடிப்பில்லை.

பனை சேறாவது பெரும்பாலும் பெட்டியில் இருக்கிற பச்சையைக் கறுப்புப் போட்டு அடக்கப் பார்ப்பதால். பனையோலைப் பச்சையில் சாம்பல் ஓடும்: அல்ட்ராமரைன் (நீலம்), யெலோ ஓக்கர் (மண் மஞ்சள்), துளி பேர்ண்ட் சியன்னா (செம்மண் நிறம்). இதற்குமேல் நாலாவது நிறம் வேண்டாம். மரம் மண்ணிறமும் இல்லை, கருஞ்சாம்பல். அதற்கு அல்ட்ராமரைனும் பேர்ண்ட் சியன்னாவும் போதும். வட்டை (பனையின் தலையை) ஓலை ஓலையாகக் கீறாமல் ஒரே திரளாகப் போட்டு, இடையில் வானம் தெரிய ஓட்டை விடுங்கள். ஓரத்தில் மட்டும் ஈரம் குறைந்த தூரிகையால் விசிறி நுனிகள். கீழே தொங்கும் காவோலையையும் போடுங்கள், அது இல்லாத பனை தென்னைபோலத்தான் இருக்கும்.

பத்து மணி பிழையான நேரம். பாலத்துப் பக்கமிருந்து கோட்டையைக் கீறுவதென்றால் பின்னேரம் நாலரைக்குப் பிறகு போங்கள், மதிலில் வெளிச்சம் விழும். தாளில் நேரே வெய்யில் பட்டால் கண் கூசும். அங்கே சரியாகத் தெரிந்த நிறம் வீட்டில் இருண்டுபோய்க் கிடக்கும். சோளகத்துக்குக் குடை நிற்காது. வெய்யிலுக்கு முதுகைக் காட்டி, உங்கள் நிழலையே தாளில் விழுத்துங்கள்.

தண்ணி வீட்டிலிருந்து ஒரு லீற்றர் கொண்டுபோங்கள். பரவைக்கடலில் தூரிகை கழுவினால் உப்பு ஈரப்பூச்சில் பொட்டுப் பொட்டாக வெளுக்கும். மிஞ்சிய தாளைப் பொலித்தீன் பைக்குள் இறுக்க மூடி வையுங்கள். மாரி ஈரத்தில் தாளின் பசை (நிறம் உள்ளே இறங்காமல் தாங்குவது) கெட்டால் நிறம் ஒற்றுத்தாளில்போல இறங்கிவிடும், பிறகு எந்தக் காற்றில்லாத நாளிலும் வானம் சரிவராது.