மழுங்கிய வீல் நட்டும் மிதிக்கும் காலும்: கேள்வி பதில்

கழற்ற முடியாத வீல் நட்டுகளைப் பற்றி உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும், கார் பட்டறை நடத்தும் மூத்த உறுப்பினர் அளித்த பதில்களும்.

ஐயா, என்னுடையது மாருதி ஸ்விஃப்ட். பஞ்சரான சக்கரத்தில் மூன்று நட்டுகள் வந்துவிட்டன. நான்காவதன் முனைகள் மழுங்கி, ஸ்பானர் வழுக்குகிறது. ஏறி மிதித்தும் பார்த்துவிட்டேன்.

முதலில் மிதிப்பதை நிறுத்துங்கள் தம்பி. ஸ்பானர் ஒருமுறை வழுக்கினால் முனை கொஞ்சம் போகும். பத்து முறை வழுக்கினால் நட் உருண்டையாகிவிடும். உங்களுக்கு இப்போது வேண்டியது பலம் அல்ல, பிடி.

கழற்றிய மூன்றையும் திரும்பப் போட்டு இறுக்குங்கள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இழுவை முழுவதும் இப்போது அந்த ஒற்றை நட்டின் மேல் நிற்கிறது. மற்றவை பங்கு எடுத்துக்கொண்டால் அது கொஞ்சம் இளகும். வண்டி ஜாக்கியில் நிற்க வேண்டாம். சக்கரம் தரையில், ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் இருக்கட்டும்.

மாருதி நட்டுக்கு 19 மில்லிமீட்டர் சாக்கெட், அதாவது நட்டை மூடிப் பிடிக்கும் குழல் ஸ்பானர். பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலையை மட்டும் கவ்வும். ஆறு முனை சாக்கெட் பக்கவாட்டில் முழுதாகப் பிடிக்கும். நட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, ஆறு முனை சாக்கெட்டை அடிவரை ஏற்றிப் பாருங்கள். அதுவும் வழுக்கினால், தேய்ந்த நட்டுக்கென்றே உட்புறம் சுருள் பற்கள் வைத்த சாக்கெட் கிடைக்கிறது. அதைச் சுத்தியலால் அடித்து ஏற்றிவிட்டால், திருப்பத் திருப்ப இன்னும் ஆழமாகக் கடிக்கும். அது கிடைக்காத ஊரில், இரவல் வாங்கிய பழைய 18 மில்லிமீட்டர் பன்னிரண்டு முனை சாக்கெட்டையே அடித்து ஏற்றுவோம். பிறகு நீளக் கைப்பிடியால் மெதுவாக, விடாமல் அழுத்துங்கள். வெட்டி வெட்டி இழுக்காதீர்கள். வெளியே வந்த நட் குப்பைக்கு; திரும்ப மாட்டக்கூடாது.

தூத்துக்குடியில் உப்பளம் பக்கம் வீடு. நட் துருப்பிடித்து அசையவே இல்லை. டீசல் ஊற்றலாமா? கேஸ் விளக்கால் சூடாக்கினால் வந்துவிடும் என்கிறார் நண்பர்.

டீசல் பரவாயில்லை, துருவில் ஊறும் எண்ணெய் அதைவிட மேல். எதை ஊற்றினாலும் ஓர் இரவு ஊற விடுங்கள். ஊற்றிய உடனே ஸ்பானரை எடுப்பதால்தான் "எண்ணெய் வேலை செய்யவில்லை" என்ற பேச்சே வருகிறது. தலை மூடிய நட்டில் மேலே ஊற்றிப் பயனில்லை. நட்டும் சக்கரமும் சேரும் இடத்தில் ஊற்ற வேண்டும். பிரேக் டிஸ்க்கில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. காலையில் நட்டின் தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டுங்கள். அந்த அதிர்வில் துரு வெடிக்கும். பிறகு இறுக்கும் பக்கமாக ஒரு சின்ன அசைப்பு, அதன்பின் கழற்றும் பக்கம்.

நெருப்பு வேண்டவே வேண்டாம். டயர் மாட்டிய சக்கரத்தைச் சூடாக்கினால் உள்ளே ரப்பர் சிதைந்து வாயுவாகி, டயர் குண்டுபோல வெடிக்கும். நெருப்பை அணைத்த பிறகும் வெடிக்கலாம். காற்றை இறக்கிவிட்டால் ஆபத்து இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு, அதையும் நம்பாதீர்கள். அலாய் சக்கரமானால் சூட்டில் உலோகமே வலுவிழக்கும்.

பளபளப்பான குரோம் நட்டுகள். 19 ஏறவில்லை, 21 தளர்வாக இருக்கிறது.

அது ஒரே துண்டு நட் அல்ல. இரும்பு நட்டின் மேல் மெல்லிய தகடு போர்த்தியிருக்கிறது. இடையில் தண்ணீர் போய்த் துருப்பிடித்துத் தகடு உப்பிவிட்டது. 20 மில்லிமீட்டர் சாக்கெட்டைத் தட்டி ஏற்றினால் பெரும்பாலும் வந்துவிடும். இல்லையென்றால் உளியால் தகட்டை உரித்து, உள்ளே இருக்கும் நட்டுக்குச் சிறிய சாக்கெட் போடுங்கள். அந்த வகை நட்டை நான் யார் வண்டிக்கும் திரும்பப் போடுவதில்லை. நான்கையும் கெட்டி நட்டாக மாற்றுங்கள். உட்காரும் பக்கம் கூம்பா, உருண்டையா என்று பழைய நட்டோடு ஒப்பிட்டு வாங்குங்கள். மாறினால் சக்கரம் தளரும்.

நட் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை.

மிகவும் படுத்தும் வகை இதுதான். சக்கரம் உட்காரும் ஹப்பில், நட் ஏறும் மரை போட்ட தண்டான ஸ்டட்டைப் பிடித்திருக்கும் பற்கள் தேய்ந்து, நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து சுற்றுகிறது. அல்லது மரை போய்விட்டது. சக்கரத்துக்குப் பின்னால் நெம்பி இழுவை கொடுத்துக்கொண்டே திருப்பினால் சில நேரம் வரும். வராவிட்டால் ஸ்டட்டின் நடுவில் துளையிட்டு, துளையைப் படிப்படியாகப் பெரிதாக்கி, நட்டை அறுத்தெடுக்க வேண்டும். அலாய் சக்கரத்தின் குழிக்குள் உளி வைக்க இடமிருக்காது. இதைப் பட்டறையிடம் விடுங்கள். புது ஸ்டட் பெரிய செலவு அல்ல. கீறிய அலாய்தான் செலவு.

ஸ்பானரில் இரும்புக் குழாய் செருகினால் எவ்வளவு நீளம் சரி?

கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான சிறிய கார்களுக்கு நட் இறுக்கம் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். 25 சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் 40 கிலோ அழுத்தினாலே ஏறக்குறைய 100 வந்துவிடும். ஒரு மீட்டர் குழாயில் 60 கிலோ ஆள் தொங்கினால் 600 நெருங்கும். 12 மில்லிமீட்டர் ஸ்டட் அதைத் தாங்காமல் முறியும். அரை மீட்டருக்கு மேல் வேண்டாம். கழற்றும் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த் திசையில் கழலும் மரை உண்டு. அதைத் தெரியாமல் கழற்றுவதாக நினைத்து இறுக்கி முறித்தவர்கள் ஏராளம்.

தனியாக நெடுந்தூரம் ஓட்டும் பெண் நான். டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிய நட்டை என்னால் அசைக்கவே முடிவதில்லை. என்ன செய்வது?

குறை உங்கள் கையில் இல்லை அம்மா. பாதிச் சிக்கல் அந்தத் துப்பாக்கியில்தான் பிறக்கிறது. நட்டைக் கையால் ஏற்றி, கடைசி இறுக்கத்தை, இறுக்க அளவைக் காட்டும் டார்க் ஸ்பானரால் செய்யச் சொல்லுங்கள். இல்லை என்றால், அவர்கள் கண்ணெதிரே உங்கள் வண்டியின் ஸ்பானரால் ஒவ்வொரு நட்டையும் தளர்த்திப் பார்த்து, திரும்ப இறுக்குங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை இறுக்கம் பாருங்கள். மரைக்கு எண்ணெயோ கிரீஸோ தடவச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதே இறுக்கத்தில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும்.

நான்கில் ஒரு நட் இல்லாமல் ஓட்டலாமா?

பக்கத்துப் பட்டறை வரை, மெதுவாக. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், கூடாது.