ஆர் மென்பொருளை நிறுவுவதில் சிக்கலா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் மென்பொருளைப் பற்றித்தான் இந்த முறை கேள்விகள் குவிந்திருக்கின்றன. பலர் நிறுவும் கட்டத்திலேயே மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள் என்பது தெரிகிறது. வருத்தமாக இருக்கிறது. காசு கொடுக்காமல் கிடைக்கும் இவ்வளவு நல்ல கருவியைக் கைவிட வைப்பது, பெரும்பாலும் ஒரு ஃபோல்டர் தகராறுதான்.

ஆர் ஸ்டுடியோவை நிறுவித் திறந்தால் ‘ஆர் எங்கே?’ என்று கேட்கிறது. இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. கணக்குப் போடுவது ஆர். அதில் வசதியாக எழுதவும் வரைபடங்களைப் பார்க்கவும் போஸிட் நிறுவனம் தனியாகத் தருவது ஆர் ஸ்டுடியோ. முதலில் ஆரின் அதிகாரப்பூர்வ களஞ்சியமான கிரான் தளத்திலிருந்து ஆரை இறக்கி நிறுவுங்கள். விண்டோஸுக்கு சுமார் 80 எம்பி வரும். கேட்கும் கேள்விகளுக்கு எதையும் மாற்றாமல் ‘நெக்ஸ்ட்’ கொடுத்துக்கொண்டே போகலாம். அப்புறம் ஆர் ஸ்டுடியோவைத் திறந்தால் அதுவே ஆரைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

பேக்கேஜ் (ஆருக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் தொகுப்பு) நிறுவப் போனால், அந்த இடத்தில் எழுத அனுமதி இல்லை, உங்களுக்கென்று தனி லைப்ரரி உருவாக்கவா என்று கேட்கிறது. பயந்து ‘நோ’ கொடுத்துவிட்டேன்.

தாராளமாக ‘யெஸ்’ கொடுங்கள். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரில் சாதாரணப் பயனர் எழுத விண்டோஸ் விடாது. அதனால் உங்கள் பயனர் கணக்குக்குள்ளேயே பேக்கேஜ்களை வைக்க ஓர் இடம், அதாவது லைப்ரரி, ஒதுக்கிக்கொள்ள ஆர் கேட்கிறது. ‘அட்மினாகத் திறந்து நிறுவுங்கள்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரே பேக்கேஜ் இரண்டு இடங்களில் இரண்டு பதிப்பாக உட்கார்ந்து, எது ஓடுகிறது என்றே தெரியாமல் போகும்.

என் விண்டோஸ் பயனர் பெயர் தமிழில் இருக்கிறது. பேக்கேஜ் நிறுவினால் பிழை வருகிறது. பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றியும் தீரவில்லை.

பெயரை மாற்றினால் திரையில் தெரியும் பெயர்தான் மாறும். சி டிரைவில் ‘யூசர்ஸ்’ என்பதற்குள் இருக்கும் ஃபோல்டருக்குப் பழைய தமிழ்ப் பெயரே நீடிக்கும். உங்கள் தனி லைப்ரரியும் தற்காலிகக் கோப்புகளும் அதற்குள்தான் போகின்றன.

முதலில் உங்கள் ஆரின் பதிப்பைப் பாருங்கள். 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பில்தான் விண்டோஸில் ஆர் முழுமையாக யூனிகோடுக்கு, அதாவது யூடிஎஃப்-8க்கு, மாறியது. விண்டோஸ் 10இன் 1903 பதிப்போ அதற்குப் பிந்தையதோ வேண்டும். தமிழர்களுக்கு அது பெரிய விடுதலை. அதற்கு முன்பு அட்டவணையில் ‘தமிழ்’ என்று ஒரு சொல் இருந்தால், திரையில் கோண அடைப்புக்குள் ஐந்து குறியீட்டு எண்கள் வரிசையாக வந்து நிற்கும். நம் தரவை நாமே படிக்க முடியாது. எனவே புதிய பதிப்பைப் போடுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

அதன் பிறகும் ஏதாவது ஒரு பேக்கேஜ் முரண்டு பிடித்தால், ஆங்கில எழுத்தில், நடுவே இடைவெளி இல்லாத பெயரில் விண்டோஸில் புதிய பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து அதில் வேலை செய்யுங்கள். வேறு வழிகளும் உண்டு. ஆனால் இதுதான் சுத்தமானது. தரவுக்குள் தமிழ் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும்.

4.4இலிருந்து 4.5க்கு மாறினேன். நிறுவியிருந்த பேக்கேஜ்கள் எல்லாம் மாயமாகிவிட்டன!

எங்கும் போகவில்லை. பதிப்பு எண்ணின் முதல் இரண்டு பகுதிகளை வைத்துத்தான் ஆர் லைப்ரரி ஃபோல்டருக்குப் பெயரிடுகிறது. 4.4 என்ற ஃபோல்டர் அப்படியே இருக்கிறது. புது ஆர் 4.5இல் தேடுகிறது. பழையதை அப்படியே நகலெடுத்துப் போட்டுவிடாதீர்கள், சில பேக்கேஜ்கள் ஓடாது. தேவையானவற்றை மட்டும் புதிதாக நிறுவுங்கள். பாதியைப் பயன்படுத்தியே இருக்க மாட்டீர்கள்.

விண்டோஸில் சில சமயம், ‘சோர்ஸிலிருந்து நிறுவவா?’ என்று கேட்கிறதே?

‘நோ’ கொடுங்கள். பேக்கேஜின் புதிய பதிப்புக்கு மூல நிரல் (சோர்ஸ்) வந்துவிட்டது, விண்டோஸுக்குத் தயார் செய்த கோப்பு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். ‘யெஸ்’ என்றால் அந்த நிரல் உங்கள் கணினியிலேயே கம்பைல் ஆக, அதாவது ஓடும் வடிவுக்கு மாற, வேண்டும். அதற்கு ஆர்டூல்ஸ் என்ற கருவித் தொகுப்பு தேவை, அதுவும் உங்கள் ஆர் பதிப்புக்கு உரியதாக. பேக்கேஜின் முந்தைய பதிப்பு போதும்.

உபுண்டுவில் டைடிவெர்ஸ் என்ற பேக்கேஜ் தொகுதியை நிறுவ வெகுநேரம் ஓடி, கடைசியில் தோல்வி என்கிறது. என்ன செய்ய?

உபுண்டு போன்ற லினக்ஸுக்கு கிரான் பேக்கேஜ்களின் நிரலை மட்டும்தான் தருகிறது. எல்லாம் உங்கள் கணினியில் கம்பைல் ஆவதால்தான் இவ்வளவு நேரம். தோல்வி என்று சொல்லும் கடைசி வரியை விட்டுவிட்டு மேலே போங்கள். கோடுகளுக்கு நடுவே ஒரு பகுதி இருக்கும். அதில் ‘டெப்’ என்று தொடங்கும் வரியில், உபுண்டுவில் என்ன குறைகிறது என்று பெயரோடு எழுதியிருக்கும். பெரும்பாலும் கர்ல், ஓப்பன் எஸ்எஸ்எல், எக்ஸ்எம்எல்2 ஆகியவற்றின் ‘டெவ்’ தொகுப்புகள்தான். அவற்றை உபுண்டுவின் நிறுவல் கட்டளையான ‘ஆப்ட்’ மூலம் போட்டுவிட்டுத் திரும்ப ஓடவிடுங்கள். இந்தப் பாடே வேண்டாம் என்றால் ஆர்2யூ என்ற களஞ்சியத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்புகளுக்கு அது கிரான் பேக்கேஜ்களைத் தயார் நிலையில் தருகிறது. நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பது இதைத்தான்.

என்னிடம் இருப்பது 32 பிட் விண்டோஸ் ஓடும் பழைய மடிக்கணினி. வழி உண்டா?

உண்டு. 32 பிட்டுக்கு வந்த கடைசிப் பதிப்பு 4.1.3. கிரான் தளத்தில் பழைய பதிப்புகளுக்கான பக்கத்தில் இன்றும் கிடைக்கிறது. சராசரி, ரிக்ரஷன், வரைபடம் எல்லாம் ஆருக்குள்ளேயே இருப்பதால் கற்றுக்கொள்ள அது தாராளம். புதிய பேக்கேஜ்கள் சில மட்டும் நிறுவ மறுக்கும். புதுக் கணினி வாங்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: கணினியின் ப்ராசஸர் 64 பிட்டாக இருந்து விண்டோஸ் மட்டும் 32 பிட்டாக இருக்கலாம். ‘செட்டிங்ஸ்’இல் ‘அபௌட்’ பக்கத்தில் ‘சிஸ்டம் டைப்’ என்ற வரி அதைச் சொல்லும். அப்படியானால் புதுக் கணினிக்குச் செலவழிக்க வேண்டாம், 64 பிட் லினக்ஸ் ஒன்றை அதில் போட்டாலே புதிய ஆர் ஓடும்.